முதுகை வளைக்கச் சொல்லும் முன்

சிசேரியனுக்காக முதுகில் மயக்க ஊசி போடும்போது கர்ப்பிணியை எப்படி உட்காரவைக்கிறோம், எப்படிப் படுக்கவைக்கிறோம், ஊசி முடிந்ததும் எப்படிக் கிடத்துகிறோம் என்பதெல்லாம் சிகிச்சையின் பகுதி. எடுபிடி வேலை அன்று. இதை ஊரறியச் சொல்லவும், சொன்னபடி எங்கள் தியேட்டர்களில் நடந்துகொள்ளவும், நடக்காத இடத்தில் கேள்வி கேட்கவும் இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

எங்களில் மயக்க மருத்துவர்கள் இருக்கிறோம். மகப்பேறு மருத்துவர்கள், தியேட்டர் செவிலியர்கள், டெக்னீஷியன்கள், கர்ப்பிணியின் தோளைப் பிடித்தபடி நிற்கும் ஆயாம்மாக்கள் இருக்கிறோம். அந்த டேபிளில் உட்கார்ந்து எழுந்த தாய்மார்களும் இருக்கிறோம். இந்தப் பிரகடனத்தில் பாதி அவர்கள் சொல்ல எழுதியது. மீதியை அவர்களிடம் வாசித்துக் காட்டித் திருத்திக்கொண்டோம்.

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. இந்தியா முழுதுக்கும் சேர்த்துப் பார்த்தால் 21.5 தான். இவ்வளவு அறுவை தேவைதானா என்ற சண்டை நடக்கட்டும். எங்களில் பலர் அந்தச் சண்டையிலும் நிற்கிறோம். அது தீரும்வரை நாள்தோறும் ஆயிரக்கணக்கான பெண்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டுதான் இருப்பார்கள். எங்கள் கவலை அந்தச் சில நிமிடங்களைப் பற்றியது.

அந்தச் சில நிமிடங்களில் நடப்பது இது. வளையலையும் கொலுசையும் கழற்றி, பின்பக்கம் திறந்த கவுனை மாட்டி, மூத்திரக் குழாய் சொருகி, தள்ளுவண்டியில் கொண்டுவருகிறார்கள். உள்ளே ஏசி குளிர். எல்லாரும் முகமூடி போட்டிருப்பதால் யார் டாக்டர், யார் நர்ஸ் என்று பிடிபடாது. குறுகலான டேபிளில் ஏறி உட்காரச் சொல்கிறார்கள். கால் தொங்குகிறது, ஊன்ற இடமில்லை. முதுகில் சில்லென்று எதையோ தடவுகிறார்கள். பின்னாலிருந்து ஒரு குரல் “குனி” என்கிறது, முன்னாலிருந்து ஒரு கை கழுத்தை அமுக்குகிறது. ஒன்பது மாத வயிறு தடுக்கிறது. அந்த நேரம் பார்த்து வலி வேறு எடுக்கிறது. அசைந்துவிட்டால், “பெத்துக்கத் தெரியுதுல்ல, குனியத் தெரியாதா?” இந்தக் கேள்வி ஒருபோதும் ஒலிக்காத தியேட்டர்கள் உண்டு. அவற்றுக்கு எங்கள் வணக்கம். அதைக் கேட்ட காதுகளும், வெட்கத்தோடு சொல்கிறோம், அதைச் சொன்ன வாய்களும் எங்களிடையே இருக்கின்றன.

இப்படி அமுக்கி வளைப்பதால் ஊசிக்கு வழி கிடைக்கிறதா? பெரும்பாலும் கிடைப்பதில்லை. பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் முடிந்துவிடும். அதற்குக் கீழே, மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவிலோ நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவிலோ உள்ள சந்தில் ஊசி நுழைய வேண்டும். நிறைமாதத்தில் இடுப்புப் பகுதி முன்பக்கம் கூடுதலாக உள்வளைந்திருப்பதால் அந்தச் சந்துகள் ஒடுங்கிக் கிடக்கும். நமக்குத் திறக்க வேண்டியது அந்த இடம் மட்டுமே. கழுத்தை எவ்வளவு அமுக்கினாலும் இடுப்பில் பெரிதாக எதுவும் திறப்பதில்லை, மூச்சுத்தான் முட்டும். உடம்பை மொத்தமாக முன்னால் சாய்த்தாலும் பயனில்லை. முதுகு பலகையாக நேராக இருந்தபடியே சாயும். ஊசி போடுபவருக்குத் திசை குழம்பும், அவ்வளவுதான்.

வேண்டியவை எளியவை. கால் ஊன்ற ஒரு ஸ்டூல், முட்டி இடுப்பைவிடச் சற்று மேலே வரும்படி. மார்போடு அணைத்துக்கொள்ள ஒரு தலையணை. தோள்கள் தளர்ந்து தொங்க வேண்டும். இரண்டு புட்டமும் டேபிளில் சமமாகப் பதிய வேண்டும். மெத்தை ஒரு பக்கம் பள்ளமாக இருந்தால் முதுகுத்தண்டு கோணிப்போகும், நடுக்கோடு தப்பும். பிறகு, “குனிங்க” என்று கத்துவதற்குப் பதிலாக, ஊசி போகவேண்டிய இடத்தில் விரலை வைத்து, “இந்த விரலைப் பின்னாடி தள்ளுங்கம்மா” என்று சொல்லிப் பாருங்கள். வயிற்றுக்குள் முகத்தைப் புதைக்கப் போராடிக்கொண்டிருந்த பெண், எந்த இடம் வளைய வேண்டும் என்று அப்போதுதான் அறிகிறாள். எங்களுக்குப் பாடம் எடுத்த ஆசிரியர்கள் ஊசியின் கோணத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினார்கள். இந்த விரலைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. பெரும்பாலானோர் தாமாகத் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்தோம்.

ஊசி எலும்பில் இடித்தால் என்ன செய்கிறோம்? வெளியே எடுத்து மறுபடி குத்துகிறோம், சற்று மேலே, சற்றுக் கீழே, இன்னொரு தடவை. எங்கள் இயக்கத்தின் முதல் விதியே இதற்கு எதிரானது: இடித்தால் ஊசியை நிறுத்து, இருப்பைத் திருத்து. ஒரே கை இரண்டு முறை முயன்று கிடைக்கவில்லை என்றால், மூன்றாவது முயற்சிக்கு முன் வேறொரு கையை அழைக்க வேண்டும், அல்லது வேறு வழி யோசிக்க வேண்டும். மூத்த மயக்க மருத்துவர்கள் சிலர் இதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பார்கள். அவர்களோடு வாதாட நாங்கள் தயார்.

முன்னால் நின்று தாங்கிப் பிடிப்பவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. தோளைப் பிடித்திருக்கும் ஆயாம்மாவை நடுவில் “அந்த ட்ரேயை எடு” என்று அனுப்பிவிடுகிறார்கள். அந்த நிமிடம் கர்ப்பிணி மயங்கிச் சரிந்தால் பிடிக்க ஆளில்லை. முதுகுப்பக்கம் நிற்கும் டாக்டருக்கு அவள் முகம் தெரியாது. அவள் வெளிறுகிறாளா, வலி எடுக்கிறதா, அழுகிறாளா என்று பார்ப்பது முன்னால் நிற்கும் கண்கள் மட்டும்தான். ஆகவே அவரைத் தியேட்டரின் முழு உறுப்பினராக நடத்துவோம். ஊசி முடிந்து கர்ப்பிணியைப் படுக்கவைக்கும்வரை அவருக்கு வேறு வேலை கிடையாது. “வலி வருது டாக்டர், நில்லுங்க” என்று அவர் சொன்னால் ஊசி நிற்கும். எம்.டி. பட்டம் வாங்கியவராக இருந்தாலும் நிற்க வேண்டும். வலி அடங்கியதும் தொடரலாம். கூடியவரை அந்த ஆள் பெண்ணாக இருக்கட்டும். முதுகைத் தவிர மற்ற உடம்பு துணியால் மூடியிருக்கட்டும்.

பேச்சு நிற்கக் கூடாது. “இப்ப சில்லுனு மருந்து தடவுறேன். இப்ப மரத்துப்போற ஊசி, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். இப்ப அமுக்குற மாதிரி தெரியும், வலி இருக்காது. காலில் கரண்ட் அடிச்ச மாதிரி இருந்தா அசையாம வாயால சொல்லுங்க, எந்தக் கால்னு சொல்லுங்க.” கடைசி வாக்கியம் முன்கூட்டியே சொல்லப்படாவிட்டால், நரம்பை ஊசி உரசும் அந்தக் கணத்தில் அவள் துள்ளத்தான் செய்வாள். துள்ளியதற்காக அவளைத் திட்டுவது, சொல்லாமல் விட்டவர்களின் தப்பை அவள் தலையில் கட்டுவது.

உட்காருவதா, ஒருக்களித்துப் படுப்பதா என்று கேட்கிறார்கள். எங்களிடம் ஒரே பதில் இல்லை, இருக்கவும் கூடாது. உடல் கனத்த பெண்ணுக்கு உட்கார்ந்தால் நடுக்கோட்டைக் கண்டுபிடிப்பது எளிது. தலைசுற்றல் வருபவருக்கு, கடும் வலியில் உட்காரவே முடியாதவருக்கு, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பது நல்லது. தொப்புள்கொடி முன்னால் நழுவி வந்துவிட்ட பெண்ணை உட்காரவைக்கவே கூடாது. குழந்தையின் தலை கொடியை நசுக்கிவிடும். டாக்டருக்கு எது பழக்கம் என்பதையும் ஒதுக்க முடியாது. பழகிய கை பிழை செய்வது குறைவு. ஆனால் உட்காரவைத்து மட்டுமே போடத் தெரிந்த மயக்க மருத்துவர் பாதி படித்தவர் என்பது எங்கள் கட்சி. பயிற்சி மருத்துவர்கள் இரண்டையும் கற்றுத் தேர வேண்டும்.

அடுத்தது மருந்தின் எடை. நாம் போடும் பியூபிவகெய்ன் டெக்ஸ்ட்ரோஸ் கலந்தது. தியேட்டரில் ‘ஹெவி’ என்பார்கள். தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரைவிடக் கனமானது. தண்ணீரில் விட்ட தேனாக, பள்ளம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் இறங்கும். ஊசிக்குப் பிறகு நெடுநேரம் உட்காரவைத்தால் மருந்து கீழேயே தங்கி, மேல்வயிறு மரக்காமல் போகும். அறுவைக்கு மரப்பு மார்புக்காம்பு மட்டம்வரை ஏற வேண்டும். கத்தி படும்போது அவள் அலறினால், அந்த அலறலின் காரணம் சில சமயம் மருந்தின் அளவில் இருக்காது, உட்கார்ந்திருந்த நேரத்தில் இருக்கும்.

ஒருக்களித்துப் படுக்கும்போது இன்னொரு வில்லங்கம் உண்டு. பெண்களுக்குப் பொதுவாகத் தோளைவிட இடுப்பு அகலம், கர்ப்பத்தில் இன்னும் அகலம். டேபிள் மட்டமாக இருந்தாலும் முதுகுத்தண்டு தலைப்பக்கம் சரிந்திருக்கும். கனமான மருந்து தலைப்பக்கம் ஓடும். கர்ப்பிணிக்குத் தண்டுவட நீர் இடமும் குறுகியிருப்பதால் மரப்பு வேகமாக மேலேறும். தோளுக்கும் தலைக்கும் கீழே தலையணை அடுக்கினால் இது பெரும்பாலும் தீரும். ஒரு தலையணை இல்லாததால் கை பலவீனமாகி, குரல் கிசுகிசுப்பாகி, “மூச்சு விட முடியல டாக்டர்” என்று ஒரு பெண் முனகும் நிலை வரக் கூடாது.

ஊசி முடிந்ததும் எல்லாரும் பெருமூச்சு விடுகிறார்கள். ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது. மல்லாந்து படுத்ததும் நிறைமாதக் கருப்பை, இதயத்துக்கு ரத்தம் திரும்பும் பெருஞ்சிரையின் மேல் அமர்கிறது. சாதாரண வேளையில் உடம்பு ரத்தக்குழாய்களை இறுக்கிச் சமாளித்துக்கொள்ளும். முதுகு ஊசி அந்த இறுக்கத்தைத் தளர்த்திவிட்டது. பிரஷர் விழும், தாய்க்குக் குமட்டும், குழந்தைக்கு ரத்த ஓட்டம் குறையும். தென்னாப்பிரிக்காவில் தாய்மரணங்களை விசாரிக்கும் தேசியக் குழுவின் அறிக்கைகள், மயக்க மருத்துவத்தால் நேர்ந்த மரணங்களில் பெரும்பகுதி முதுகு ஊசியோடு தொடர்புடையவை என்று காட்டியிருக்கின்றன. முதுகு ஊசி நல்ல முறைதான், சிசேரியனுக்கு முழு மயக்கத்தைவிடப் பெரும்பாலும் பத்திரமானதுதான். கண்காணிக்க ஆள் வேண்டும் என்பதே எங்கள் பேச்சு.

இதற்காகவே வலது இடுப்புக்குக் கீழே வெட்ஜ் என்ற ஆப்பு வடிவத் திண்டை வைத்து வயிற்றை இடப்பக்கம் சாய்க்கிறோம். 15 பாகை என்று படித்தோம். இந்தப் பழக்கம் முன்போல் அசைக்க முடியாததாக இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். 2015இல் ஜப்பானிய மருத்துவர்கள் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில், 15 பாகைச் சாய்வில் அந்தச் சிரை விரியவில்லை, 30 பாகையில்தான் ஓரளவு விரிந்தது. 2017இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், ஆரோக்கியமான பெண்களுக்குத் திட்டமிட்ட சிசேரியனின்போது ஃபெனைல்எஃப்ரின் மருந்தைத் தொடர்ந்து செலுத்திப் பிரஷரைக் காத்தபோது, சாய்த்தாலும் சாய்க்காவிட்டாலும் குழந்தையின் ரத்த அமிலநிலையில் வேறுபாடு இல்லை. சாய்க்காதவர்களுக்கு அந்த மருந்து கூடுதலாகத் தேவைப்பட்டது. இதைப் படித்துவிட்டு “வெட்ஜ் எல்லாம் பழைய கதை” என்று சொல்லும் இளம் டாக்டர்கள் இருக்கிறார்கள். அந்த ஆய்வில் இருந்த மருந்துப் பம்பு உங்கள் தாலுகா மருத்துவமனையில் இருக்கிறதா? நிமிடத்துக்கு ஒருமுறை பிரஷர் பார்க்க ஆள் இருக்கிறதா? அவசர சிசேரியனுக்கு, பிரஷர் நோய் உள்ள தாய்க்கு, அந்த முடிவு அப்படியே பொருந்துமா? இவற்றுக்கெல்லாம் ஆம் என்று சொல்ல முடியாதவரை சாய்வு இருக்கட்டும். கோணத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். நாம் எல்லாரும் அதை மிகையாகவே மதிப்பிடுகிறோம். கைப்பேசியிலேயே கோணமானி இருக்கிறது.

படுத்தபின் “வாந்தி வருது” என்று அவள் சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது பிரஷர் மானியை. வாந்திக்கு ஊசி அப்புறம். கைகளைக் கட்டக் கூடாது. நீட்டிய கை தோளிலிருந்து 90 பாகைக்கு மேல் விரியக் கூடாது, நரம்பு இழுபடும். குழந்தை வந்ததும் அந்தக் கைகள் தேவைப்படும்.

முதுகு வலிக்கு வருவோம். “அந்த ஊசி போட்டதிலிருந்து முதுகு சரியில்ல” என்று சொல்லாத தெரு தமிழ்நாட்டில் இல்லை. ஊசி இறங்கிய இடத்தில் சில நாள் நோவு இருப்பது உண்மை. பலமுறை குத்தினால் கூடுதலாக இருக்கும். ஆண்டுக்கணக்கான முதுகு வலிக்கு ஊசிதான் காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. கர்ப்பமே முதுகை வாட்டுகிறது. பிள்ளையைத் தூக்குவதும் குனிந்து பாலூட்டுவதும் மேலும் வாட்டுகின்றன. இதை நாங்கள் எத்தனை முறை சொன்னாலும் எடுபடுவதில்லை, அதற்குக் காரணமும் தெரிகிறது. ஏன், எதற்கு என்று சொல்லாமல் அமுக்கிப் பிடித்துக் குத்திய இடத்தை யாரும் மறப்பதில்லை. பிற்பாடு வரும் வலியெல்லாம் அங்கே போய்த்தான் சேரும்.

ஊசிக்குப் பிந்தைய தலைவலியோ மெய்யானது. 1898இல் கீல் நகரில் முதுகு மயக்கத்தைத் தொடங்கிவைத்த ஜெர்மன் அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பீயரே தம் உதவியாளரோடு சேர்ந்து தம் உடம்பில் சோதித்து, எழுந்து நின்றால் மண்டை பிளப்பதும் படுத்தால் விடுவதுமாக அதை அனுபவித்தார். ஊசித்துளை வழியே நீர் கசிவதே காரணம். வெட்டும் முனையுள்ள ஊசியைவிடப் பென்சில் முனை ஊசியில் இந்தத் தலைவலி வெகுவாகக் குறைகிறது. அத்தகைய ஊசி 1951இலேயே வந்துவிட்டது. விலை கூடுதல் என்பதால் இன்றும் நம் தாய்மார் பலருக்கு எட்டவில்லை. எங்கள் பொருள் முதுகின் இருப்பு, ஊசியின் முனை அன்று. இருந்தாலும் இங்கே சொல்லாமல் நகர மனம் வரவில்லை.

ஆகவே கேட்கிறோம். 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாத்திரை வாங்குவதில் நாட்டுக்கே முன்மாதிரியாக இருந்தது. அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சைக்கான சீமாங்க் மையங்கள் ஒவ்வொன்றின் தியேட்டருக்கும் உயரம் மாற்றக்கூடிய கால் ஸ்டூல், கழுவக்கூடிய வெட்ஜ், அணைத்துக்கொள்ளத் தலையணை, பென்சில் முனை ஊசி ஆகியவை அதன் வழியாக வந்து சேர வேண்டும். ஒன்றிய அரசின் லக்ஷ்யா திட்டம் 2017 முதல் பிரசவ அறைக்கும் மகப்பேறு தியேட்டருக்கும் மதிப்பெண் போடுகிறது. மரியாதையான பராமரிப்பும் அதன் நோக்கங்களில் ஒன்று. முதுகு ஊசியின்போது முன்னால் நிற்க ஆள் உண்டா, முதுகைத் தவிர கர்ப்பிணியின் மற்ற உடம்பு மூடியிருந்ததா என்று அந்த மதிப்பெண்காரர்கள் நேரில் நின்று பார்க்கட்டும்.

கிராம சுகாதார செவிலியர்களிடம் எங்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். எட்டாம் மாதப் பரிசோதனையில் இரும்புச் சத்து மாத்திரையோடு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, தலையணையைக் கொடுத்து, இடுப்பில் விரல் வைத்துக் காட்டுங்கள். சிசேரியன் ஆகும் என்று பயமுறுத்துவதாகாதா என்று கேட்டால், நூற்றுக்கு நாற்பத்தைந்து பேருக்கு நடப்பதைச் சொல்லாமல் விடுவதுதான் பயமுறுத்தல் என்போம். மாமியாரும் அம்மாவும் கூட இருக்கும்போது சொன்னால் இன்னும் நல்லது.

“அவசரத்தில் இதெல்லாம் எங்கே நேரம்?” என்ற மறுப்பு வரும். குழந்தையின் இதயத்துடிப்பு விழுந்துகொண்டிருக்கும்போது ஸ்டூல் தேடி அலையச் சொல்லவில்லை. ஸ்டூல் முன்பே அங்கே இருக்க வேண்டும் என்கிறோம். சரியாக உட்காரவைக்கச் செலவாகும் நேரம், கோணலாக உட்காரவைத்து நான்கு முறை குத்தும் நேரத்தைவிடக் குறைவு. மெய்யாகவே நேரமில்லாதபோது முழு மயக்கம் கொடுப்பதில் தவறில்லை. ரத்தம் உறையாத பெண்ணுக்கும் ஏராளமாக ரத்தம் போய்க்கொண்டிருப்பவருக்கும் முதுகு ஊசியே கூடாது. எல்லாரையும் ஊசிக்கு உட்காரவைக்கும் இயக்கம் அன்று இது.

தாய்மார்களே, கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. “கால் ஊன்ற ஏதாவது குடுங்க.” “வலி வருது, கொஞ்சம் நிறுத்துங்க.” “யாராவது முன்னாடி நில்லுங்க.” இவற்றைக் கேட்டதற்காகத் திட்டு வாங்கினால் எங்களிடம் சொல்லுங்கள். திட்டியவரின் பெயரைத் தெருவில் ஒட்டமாட்டோம். அந்தத் தியேட்டருக்குப் போய் ஸ்டூல் எங்கே என்று கேட்போம்.

இந்த இயக்கத்துக்குத் தலைவர் கிடையாது, சந்தா கிடையாது. மருந்து நிறுவனங்களிடம் ஒரு பேனாகூட வாங்கமாட்டோம். சேர விரும்புகிறவர் தம் தியேட்டரில் ஸ்டூலும் வெட்ஜும் இருக்கின்றனவா என்று பார்க்கட்டும். இல்லையென்றால் பொறுப்பாளரிடம் எழுத்தில் கேட்டு, அந்தக் கடிதத்தின் நகலோடு வரட்டும். எழுதிப் பழகாத ஆயாம்மாக்கள் வாயால் கேட்டால் போதும், கடிதத்தை நாங்கள் எழுதித் தருகிறோம்.